மருத்துவக் காப்புறுதி இழப்பீட்டுத் திருத்தக் காலவரம்பு (மலேசியா)

காப்புறுதி நிறுவனம் குறைத்துக் கொடுத்த இழப்பீட்டைப் பாலிசிதாரர் கேட்டுப் பெறுவதற்கும், கூடுதலாகக் கொடுத்ததை நிறுவனம் திரும்பக் கேட்பதற்கும் உள்ள கால அளவே இது. மலேசியாவில் பல சட்டங்களும் விதிகளும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. மருத்துவ அட்டையோடு ஈப்போவின் தனியார் மருத்துவமனைக்குப் போகும் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பத்துக்கும் இவையே பொருந்தும்.

குறைவாகக் கொடுத்தால்

முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதன் இறுதி முடிவில் உடன்பாடு இல்லையெனில், 6 மாதங்களுக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையை நாடலாம். 2016 முதல் இயங்கிய நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் அமைப்பின் பணியை 2025 ஜனவரி 1 முதல் இந்த அமைப்பு ஏற்றுள்ளது. பொதுமக்களுக்குக் கட்டணம் கிடையாது.

நீதிமன்றத்தை நாடினால், 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்த வழக்குகளுக்கு 6 ஆண்டுகள் உண்டு. 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே தொடரலாம்.

எடுத்துக்காட்டாக, 12,000 ரிங்கிட் மருத்துவக் கட்டணத்தில் நிறுவனம் 9,000 மட்டும் செலுத்தி, மீதியை மறுக்கும் இறுதிக் கடிதத்தை மார்ச் 10 அன்று தருகிறது என்று கொள்வோம். குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்ய செப்டம்பர் 10 வரையே அவகாசம். மறுத்த 3,000 ரிங்கிட் பாலிசியில் குறிப்பிட்ட இணைக்கட்டணமாக (பாலிசிதாரரே ஏற்க வேண்டிய பங்கு) இருந்தால் அது பிழை ஆகாது. ஆகவே பாலிசியையும் கழிவு விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை.

கூடுதலாகக் கொடுத்தால்

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. காலவரம்புச் சட்டப்படி, தவறை அடிப்படையாகக் கொண்ட வழக்கில், அது தெரியவந்த நாளிலிருந்தோ, உரிய கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் ஓடத் தொடங்கும். எனவே பழைய தொகையைத் திரும்பக் கேட்டுக் கடிதம் வந்தால், கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.

பிற நாடுகளில்

இந்தியாவில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்ல ஓராண்டு அவகாசம் உண்டு. அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்தில், மருத்துவமனைகள் கூடுதலாகப் பெற்றதைக் கண்டறிந்தால் 60 நாட்களுக்குள் திருப்பித் தருவது பொது விதி.

மலேசியாவில் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இழப்பீட்டுக்கு மேல்முறையீட்டு வழி வேறு. தனியார் காப்புறுதியில் 6 ஆண்டு இருக்கிறதே என்று காத்திருப்போர், செலவில்லாத 6 மாத வாய்ப்பை இழந்துவிடுவர். இறுதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே அதன் தேதியைக் குறித்து வைப்பது அவசியம்.