கண்ணில் விட்ட சொட்டு

தொண்டியிலிருந்து திருவாடானை போகிற வழியெல்லாம் சீமைக்கருவேலம்தான். அதன் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூக்கும் காலத்தில் தும்மல் ஓயாது. பிள்ளைகள் சிலருக்குத் தொல்லை மூக்கோடு நிற்பதில்லை. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாய் வீங்கி அடைபட, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துப் பிசினாகும். பெரும்பாலும் வலி இருக்காது. கூப்பிட்டால் திரும்பாது, டிவியை ஒட்டி உட்காரும் பிள்ளை. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அடி வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே காது அடைத்திருந்ததோ!

இந்த ஒவ்வாமையை வேரிலேயே தணிக்கப் பார்க்கும் ஊசி லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் பிறந்தது. லியோனார்ட் நூன் திமோதிப் புல்லின் மகரந்தத்தைச் சாறெடுத்து, கொதிக்கவைத்து, துளித்துளியாகத் தோலுக்கடியில் ஏற்றினார். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மகரந்தத்தின் சாறு அவருக்கு ஓர் அலகு. மருந்து பிடிக்கிறதா என்று பார்க்க நோயாளியின் கண்ணில் அந்தச் சாற்றைச் சொட்டுவிடுவார். முன்பு சிவந்த கண், அதைவிடக் காட்டமான சொட்டையும் தாங்கினால் முன்னேற்றம். 1911 ஜூனில் 'லான்செட்' இதழில் எழுதினார். 1913இல், 35 வயதிலேயே, காசநோய் அவரைக் கொண்டுபோனது. வேலையைத் தொடர்ந்தவர் நண்பர் ஜான் ஃப்ரீமன்.

மகரந்தத்தில் நஞ்சு இருக்கிறது, ஊசி அதற்கு முறிவு உண்டாக்குகிறது என்றே நூன் நம்பினார். நஞ்சு ஏதுமில்லை, நம் உடம்புதான் சாதுவான தூளைப் பகையாக எண்ணுகிறது. அந்தப் பகையை மூட்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் 1960களில்தான் பிடிபட்டது. காரணம் தவறியும் கை தவறவில்லை என்பதே எனக்கு இந்தக் கதையில் பெரிய விஷயம்.

காதுக்கு இந்த ஊசி வந்தது வெகு தாமதமாக. அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹர்ஸ்ட், நாட்பட்ட காது நீர்க்கோவையும் ஒவ்வாமையும் சேர்ந்தவர்களுக்கு இந்த ஊசி போட்டு, நல்ல பலன் கிடைத்ததாக 2008இல் வெளியிட்டார். ஆனாலும் காதுக்கென்று நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. மூக்கு ஒவ்வாமைக்குக் கிடைத்த உறுதி இதற்கு இன்னும் வரவில்லை.

சீமைக்கருவேல மகரந்தச் சாறு நம் நாட்டுத் தோல் சோதனைகளில் இருக்கிறது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் ஊசி தொடங்கக் கூடாது. தொடங்கினால் மூன்று வருடமாவது விடாமல் போட வேண்டும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரைமணி நேரம் மருத்துவர் கண்ணெதிரில் இருக்க வேண்டும்.