கீழாநெல்லி கண்ட சோதனை

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சி வயல்வரப்புகளில் தானே முளைக்கும் கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கு அரைத்துப் பருகுவது நம் முன்னோர் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் இதனைச் சோதிக்க முன்வந்தனர். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளம்பெர்க்கும் உடனிருந்தார். கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாட்கள் மூலிகைப் பொடி தரப்பட்டது. உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988இல் லான்செட் இதழ் இதனை வெளியிட்டது. எத்துணை பெரிய நம்பிக்கை!

ஆயினும் தாய்லாந்தில் நடந்த ஆய்வில் அப்பலன் கிட்டவில்லை. காமாலை பலருக்குத் தானாகவே தணிவதுண்டு. புகழோ மூலிகைக்குச் சேரும். கண் தெளிந்த பின்னும் பி கிருமி சிலரது ஈரலில் ஓசையின்றித் தங்கிவிடும். இரத்தப் பரிசோதனையே அதனைக் காட்டும். புளம்பெர்க்கின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த தடுப்பூசி, இன்று அரசு மருத்துவமனைகளில் பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைகளுக்கு இலவசமாக இடப்படுகிறது.