நெற்கிடங்கில் ஒளிவினையூக்கி: நாகைச் சூழலில் அதன் இடமும் எல்லையும்

டைட்டேனியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் பூஞ்சணம் சாகும் என்பது ஆய்வகங்களில் பலமுறை மெய்ப்பிக்கப்பட்டதுதான். அதையே நாகப்பட்டினத்தின் நனைந்த நெல்லுக்கும் மருந்தாகச் சொல்வதைத்தான் ஏற்க இயலவில்லை. இந்த வினையூக்கிக்கு இங்கே இடமுண்டு. ஆனால் அந்த இடம் கிடங்கின் சுவர், நெல்மூட்டை அன்று.

1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டேனியம் டை ஆக்சைடாலான மின்முனையில் ஒளியைக் கொண்டு நீரைப் பிளந்து காட்டினர். 1985இல் மட்சுனாகா குழுவினர் அதே ஆக்சைடில் பிளாட்டினம் சேர்த்து நுண்ணுயிர்களைக் கொன்றனர். அதன் அனடேஸ் என்னும் படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி சுமார் 3.2 எலெக்ட்ரான் வோல்ட். ஆகவே ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி பட்டால்தான் அது விழிக்கும். தரையில் விழும் வெயிலில் அந்தப் பங்கு ஏறக்குறைய நூற்றில் ஐந்துதான். மேற்பரப்பில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளோ, ஒட்டியிருக்கும் செல்லைத் தாக்கிய மாத்திரத்தில் தீர்ந்துபோகும். பாக்டீரியாவுக்கு அதுவே போதும். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சணத்தின் கருவித்துக்குத் தடித்த சுவரும் ஒளியை விழுங்கும் மெலனினும் கவசமாக இருப்பதால், அது எளிதில் மடிவதில்லை.

இனி நெல்லைப் பார்ப்போம். குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் மோதிக்கொள்ளும் நாட்களில், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல் காத்துக் கிடக்கிறது. தார்ப்பாயைத் தூக்கினால் அடிப்பக்கம் வியர்த்திருக்கும். சாக்கின் தையலோரம் பச்சைத் தூள் படிந்திருக்கும். அந்த இருட்டுக்குள் எந்த ஒளி போகும்? பூஞ்சணம் பெருகும் பருவமும் வெயில் மங்கும் பருவமும் இங்கே ஒன்றே. வினையூக்கித் தூளை நெல்லோடு கலக்கலாமே என்பார் உண்டு. உணவில் சேர்க்கும் டைட்டேனியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சுவரின் கதை வேறு. சுவரில் வெள்ளைப் பெயின்ட் இருக்கிறதே, அதிலும் டைட்டேனியம்தானே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் ரூட்டைல் வடிவம். பெயின்ட் பொடிந்து உதிராதிருக்க, சிலிக்காவும் அலுமினாவும் பூசி அதன் ஒளிவினையை வேண்டுமென்றே அடக்கியிருக்கிறார்கள். அனடேஸைச் சாதாரண பெயின்டில் கலந்தால் அது பூஞ்சணத்தோடு பெயின்டின் பசையையும் அரிக்கும். கனிமப் பிணைப்பான சுண்ணாம்புக்கு அந்தக் கேடில்லை. நாகையின் உப்புக்காற்றிலும் சுண்ணாம்பு கைகொடுக்கக்கூடும். வினையூக்கியின் மேல் குளோரைடு ஒட்டி வேகத்தைக் குறைப்பது அமிலச் சூழலில்தான் மிகுதி. சுண்ணாம்பின் காரத்தில் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் பெற்று குளோரைடை விலக்கும். இது கோட்பாடு, உப்பு பூத்த சுவரில் சோதித்தே தேற வேண்டும்.

அந்தச் சோதனை ஐப்பசி, கார்த்திகையில், வடக்கு பார்த்த சுவரில், கருவித்துகளைக் கொண்டே நடக்க வேண்டும். பாக்டீரியாவைக் கொண்டு கோடை வெயிலில் எடுத்த முடிவு இங்கே செல்லாது. சுவர் தேறினாலும் நெல்லுக்கு வேண்டியது உலர்த்தும் இயந்திரம்தான். கொள்முதல் நிலையங்களுக்கான பணம் முதலில் அதற்கே போக வேண்டும்.