தாழி: உருவகமா, நிஜப் பானையா?

ஒரு பழைய பாட்டில் எது அணி, எது நேர்ப்பொருள் என்று எப்படிப் பிரிக்கிறது? இதுக்கு இலக்கணம் மட்டும் போதாது, சில சமயம் மண்ணையும் தோண்டணும். புறநானூறு 228 அதுக்கு நல்ல உதாரணம். எங்க விருத்தாசலம் மாதிரி சூளை உள்ள ஊர்க்காரங்களுக்கு ரொம்ப நெருக்கமான பாட்டு.

சோழன் கிள்ளிவளவன் இறந்துட்டான். புலவர் ஐயூர் முடவனார் பேசுவது குயவரிடம். உன் சூளைப் புகை இருள் திரண்ட மாதிரி இருக்கு என்கிறார். இவனைக் கவிக்கத் தாழி செய்யணும்னா பூமியே சக்கரமா, பெருமலையே களிமண்ணா வேணும், உன்னால முடியுமா என்று கேட்கிறார்.

புகைக்கு இருள் உவமை. தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நாலு அடிப்படை சொல்லுது. இது உரு, அதாவது நிறம். இதில் சிக்கல் இல்லை.

தாழி? "மரணத்துக்கு ஒரு குறியீடு" என்று சொல்லிவிட்டுப் போயிடலாம். ஆனா உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டது 1894-ல். யாகோர் 1876-ல் தோண்டிய ஆதிச்சநல்லூரில், அலெக்சாண்டர் ரீ 1899-ல் மறுபடி தோண்ட ஆரம்பித்தார். எலும்போடு வரிசை வரிசையாகத் தாழிகள். ஆக, தாழி நேர்ப்பொருள்தான். குறியீடு என்று படித்தால் ஒரு ஈமச் சடங்கையே தொலைச்சிடுவோம்.

பூமிச் சக்கரம்தான் சுவாரசியம். 2007-ல் பிராகில்ஜாஸ் என்ற ஆய்வுக்குழு உருவகம் கண்டுபிடிக்க ஒரு அல்காரிதம் மாதிரி முறை வெளியிட்டாங்க. ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த இடத்துப் பொருளையும் அடிப்படைப் பொருளையும் எழுதணும். ரெண்டும் வேறா இருந்து, ஒன்றை வைத்து மற்றது புரிஞ்சா அது உருவகம். இங்கே ஓட்டிப் பாருங்க: சக்கரம் சக்கரம்தான், மண்ணும் மண்தான். அளவுதான் பெரிசு. தண்டியலங்காரம் இதை அதிசய அணி என்றுதான் சொல்லும்.

அப்போ உருவகமே இல்லையா? இருக்கு, எந்தச் சொல்லிலும் இல்லை. மனுஷ உடம்புக்கு அவ்வளவு பெரிய தாழி எதுக்கு? புகழையும் உடம்பு மாதிரி உள்ளே வைக்கணும் என்று வைத்துக்கொண்டால்தான் புலவரின் கணக்கு சரியா வருது. சொல் சொல்லாகத் தேடும் முறைக்கு அது சிக்காது.

புறம் 256-ஐப் பக்கத்தில் வையுங்க. கணவனை இழந்தவள், எனக்கும் இடம் இருக்கிற மாதிரி தாழியை அகலமாச் செய் என்று குயவரைக் கேட்கிறாள். அதே குயவர், அதே வேண்டுதல், பெரிய தாழி. ஆனா இங்கே அகலம் வெறும் அகலம்தான். உள்ளே ரெண்டு பேர் இருக்கணும், அவ்வளவே.

இந்த ரெண்டில் அணி குறைந்த வேண்டுதல்தான் எனக்கு அதிகம் வலிக்குது.