தந்தையின் பெயரோடு ஒரு குழந்தை



காஸாவின் எத்தீம் குழந்தைகளின் படங்களைக் கண்ட நாள் முதல் நம் மதரஸாவுக்கு வரும் பெற்றோர் சிலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், இப்படி ஒரு பிள்ளையை நம் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டுவந்து வளர்க்க முடியுமா?" இக்கேள்விக்கு நம்மில் பலர் "தத்தெடுப்பது மார்க்கத்தில் கூடாது" என்ற ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னே இருக்கும் வரலாற்றைச் சொல்வதில்லை.

கல்பு கோத்திரத்தைச் சேர்ந்த ஹாரிஸாவின் மகன் ஸைத் சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார் தம் உறவினரைக் காண அவரை அழைத்துச் சென்றார். அங்கே கொள்ளைக் கூட்டத்தார் அவரைப் பிடித்து உக்காழ் சந்தையில் விற்றனர். ஹகீம் இப்னு ஹிஸாம் தம் அத்தை கதீஜா (ரலி) அவர்களுக்காக அவரை வாங்கினார். கதீஜா அம்மையார் தம் கணவரான நபி (ஸல்) அவர்களுக்கு அவரை வழங்கினார்கள். பின்னர் செய்தியறிந்த தந்தையும் சிறிய தந்தையும் மீட்புத்தொகையுடன் மக்காவுக்கு வந்தனர். அண்ணலார் முடிவை ஸைதிடமே விட்டார்கள். அவர் தந்தையுடன் செல்ல விரும்பினால் தொகை எதுவும் வேண்டாம் என்றார்கள். ஸைத் அண்ணலாரையே தேர்ந்தார். அப்போது அண்ணலார் கஃபாவின் அருகே மக்கள் முன் அவரைத் தம் மகனென அறிவித்தார்கள். அன்று முதல் அவர் 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைக்கப்பட்டார்.

தேடி வந்த தந்தையின் முகத்தை இங்கே நாம் மறந்துவிடக் கூடாது. மகன் நலமாக இருப்பது கண்டு அவர் மனநிறைவோடு திரும்பினார் என்றே வரலாறு கூறுகிறது. ஆயினும் மகனின் பெயரிலிருந்து அவருடைய பெயர் நீங்கிவிட்டது. மதீனாவில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியபோது, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற கட்டளை வந்தது. ஸைத் மீண்டும் 'ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார். அண்ணலாரின் அன்பில் எதுவும் குறையவில்லை. முஃதா போரில் அவரையே முதல் தளபதியாக்கி அனுப்பினார்கள். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே நபித்தோழரும் அவரே.

தந்தை இன்னார் என்றே தெரியாத பிள்ளைக்கு என்ன வழி? அதே வசனம் அவர்களை மார்க்கச் சகோதரர் என்றும் மவ்லா என்றும் அழைக்கச் சொல்கிறது. இதற்குச் சான்றாக நிற்பவர் ஸாலிம் (ரலி). பாரசீகத்தின் இஸ்தக்ர் ஊரைச் சேர்ந்தவர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்த அவரைக் குறைஷித் தலைவர் உத்பாவின் மகன் அபூஹுதைஃபா (ரலி) மகனாக ஏற்று, தம் சகோதரர் மகளையே மணமுடித்து வைத்தார். கட்டளை இறங்கிய பின் அவர் 'ஸாலிம் மவ்லா அபீஹுதைஃபா' என்று அறியப்பட்டார். யாரிடமிருந்து குர்ஆனைக் கற்க வேண்டும் என்று அண்ணலார் எடுத்துரைத்த நால்வரில் அவர் ஒருவர். இருவரும் யமாமாப் போர்க்களத்தில் ஷஹீதானார்கள்.

மகன் என்ற பட்டம் போயிற்று. வீடும் உறவும் போகவில்லை. இந்த வேறுபாட்டின் பொருள் இருபதாம் நூற்றாண்டில் அண்டை நாட்டில் நடந்ததைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாக அனுப்பப்பட்டனர். நெதர்லாந்துக்கு மட்டும் ஏறத்தாழ 4,000 பேர். பிள்ளைகள் வளர்ந்து தாயைத் தேடி வந்தபோது பலருடைய பிறப்புப் பத்திரங்கள் பொய்யெனத் தெரிந்தது. பத்திரத்தில் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்து மரபணுச் சோதனை செய்தால், அவர் தாயல்லர். பணத்துக்காகத் தாயாக நடித்தவர். பெற்றவள் யாரென்றே தெரியாமல் நிற்கும் அந்த மனிதர்களை நினைத்துவிட்டு 5ஆம் வசனத்தை மீண்டும் ஓதிப் பாருங்கள். முறைகேடுகள் விசாரணையில் வெளிவந்த பின் 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது.

ஆனால் இதைக் காட்டி நாம் நிம்மதி அடைந்துவிட முடியாது. 1971 போருக்குப் பின் வங்கதேசத்தில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளை ஏற்க ஆளில்லை. 1972இல் சிறப்பு ஆணை ஒன்று இயற்றி வெளிநாட்டினர் தத்தெடுக்க அரசு வழிசெய்தது. அவ்வாண்டு ஜூலையில் 15 குழந்தைகள் கனடாவுக்குச் சென்றனர். தத்து கூடாது என்ற சட்டத்தை அறிந்த சமுதாயம்தான் அது. கஃபாலா கடமை என்பதை நினைத்திருந்தால் அந்தப் பதினைந்து தொட்டில்களுக்கு அங்கேயே இடம் கிடைத்திருக்காதா?

கஃபாலா என்பது பிள்ளையின் வம்சப் பெயரை மாற்றாமல், உணவும் கல்வியும் அரவணைப்பும் அளிக்கும் பொறுப்பு. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் 20ஆம் பிரிவில் இதைப் பெயர் சொல்லி ஏற்றுள்ளது. நம் நாட்டில் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழியாகப் பாதுகாவலராகலாம். வளர்க்கும் பிள்ளைக்கு வாரிசுரிமை கிடையாது. ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத் எழுதலாம். இரண்டு வயதுக்குள் முறைப்படி பாலூட்டினால் மஹ்ரம் உறவும் ஏற்படும். இதை வீட்டுப் பெண்களிடம் முன்பே கலந்து பேசிக்கொள்வது நல்லது.

போர் நடக்கும் நாட்டிலிருந்து பிள்ளையைக் கொண்டுவருவது வேறு விஷயம். அங்கே பாட்டியோ மாமாவோ தேடிக்கொண்டிருக்கக்கூடும், ஹாரிஸா தேடியதைப் போல. ஆகவே நம்மிடம் கேட்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: அந்தப் பிள்ளை தன் உறவினருடன் அங்கேயே வளர மாதாமாதம் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை வேண்டுமென்றால், நம் மாவட்டத்திலேயே எத்தீம்கானா இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள்.