வெற்றிடமாகக் காட்டப்பட்ட கண்டம்

ஆபிரிக்கா எண்டதும் எங்களில் பலருக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? சிங்கம், பாலைவனம், பஞ்சம், கையில் துப்பாக்கியோடு நிற்கிற ஒரு சிறுவன். உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு சாலாவும் மானேயும் வருவார்கள். வரலாறு என்று கேட்டால் எகிப்தின் பிரமிட்டுகளைச் சொல்வோம். அதற்குப் பிறகு ஒரே தாவலில் அடிமை வியாபாரம், இன்னொரு தாவலில் நெல்சன் மண்டேலா. இடையில் கிடக்கிற ஆயிரக்கணக்கான வருசங்கள் எங்கே போயின?

ஒரு கண்டத்தின் முழு வரலாற்றையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க எங்களால் முடியாது. நாங்கள் எடுத்துக்கொள்வது ஒரு கேள்வியை மட்டும்தான். அந்த இடைவெளி எப்படி வந்தது, அது யாருக்கு உதவியது?

வரைபடத்தில் இருந்து தொடங்குவோம்

எங்கட வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் உலகப்படங்களில் பல, மெர்காட்டர் 1569இல் கடலோடிகளுக்காக உருவாக்கிய முறையில் வரையப்பட்டவை. அந்த முறையில் துருவங்களை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். அதனால்தான் கிறீன்லாந்து கிட்டத்தட்ட ஆபிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆபிரிக்கா அதைவிட 14 மடங்கு பெரியது. அதன் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீற்றர். ஐக்கிய அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றையும் அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். எங்கட கணக்கில் சொன்னால், 460 இலங்கைகள்.

இவ்வளவு பெரிய நிலத்தில் இன்று ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்புரிமை பெற்ற 54 நாடுகள் உள்ளன. பேசப்படும் மொழிகள் ஏறத்தாழ 2000. நைஜீரியாவில் மட்டும் 500க்கு மேல். மனித இனம் தோன்றியதே இங்குதான் என்பதால், மரபணு வேறுபாடும் உலகத்திலேயே இங்குதான் அதிகம். தோல் நிறத்தைப் பார்த்து "எல்லாரும் ஒரே ஆக்கள்தானே" என்று நாங்கள் சொல்லும் மக்களுக்கிடையில், ஒரு நோர்வேக்காரருக்கும் ஒரு சீனருக்கும் இடையில் இருப்பதைவிடக் கூடிய மரபணு வேறுபாடு இருக்கலாம். அப்படியிருந்தும் "ஆபிரிக்காவில் இப்படித்தான்" என்று அதை ஒரு நாடு மாதிரிக் கதைக்கிறோம்.

ஐரோப்பியர் 15ஆம் நூற்றாண்டிலேயே ஆபிரிக்கக் கரைகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் உள்நாட்டின் பெரும்பகுதிக்குள் அவர்களால் 400 வருசமாக நுழைய முடியவில்லை. கண்டத்தின் பெரும்பகுதி உயர்ந்த மேட்டுநிலம். ஆறுகள் அந்த மேட்டிலிருந்து இறங்கும் இடங்களில் நீர்வீழ்ச்சிகளும் பாறைச்சுழிகளும் உண்டு. கொங்கோ ஆற்றில் கடலிலிருந்து கொஞ்சத் தூரம் போனதுமே கப்பல் நின்றுவிட வேண்டியதுதான். அதையும் தாண்டினால் மலேரியா. செற்சி ஈ பரவியிருந்த இடங்களில் குதிரையும் மாடும் நோய் வந்து செத்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குவினைன் மாத்திரை பரவலான பிறகுதான் நிலைமை மாறியது.

இந்த அறியாமை வரைபடத்தில் எப்படித் தெரிந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். 1375இல் மயோர்க்காத் தீவில் வரையப்பட்ட கற்றலன் உலகப்படத்தில், மேற்கு ஆபிரிக்காவின் நடுவில் முடி சூடிய ஒரு கறுப்பு அரசர் கையில் தங்கக்கட்டியோடு இருக்கிறார். அவர் மாலிப் பேரரசின் மன்சா மூசா. 1749இல் பிரெஞ்சு வரைபடக்காரர் தான்வில் வரைந்த ஆபிரிக்காவிலோ உள்நாட்டின் பெரும்பகுதி வெறும் வெள்ளைத்தாள். உறுதியாகத் தெரியாததை வரையக் கூடாது என்பது அவரது நேர்மை. ஆனால் பிறகு வந்தவர்கள் அந்த வெள்ளையை வேறு மாதிரி வாசித்தார்கள். "எங்களுக்குத் தெரியாது" என்பது "அங்கே ஒன்றுமில்லை" என்றாகி, கடைசியில் "அப்ப, அது எங்கட" என்று முடிந்தது.

மன்சா மூசாவும் இபின் பதூதாவும்

மன்சா மூசா 1324இல் மக்கா யாத்திரை போகும் வழியில் கெய்ரோவில் தங்கினார். அங்கே அவர் அள்ளிக் கொடுத்த தங்கத்தால் சந்தையில் தங்கத்தின் விலையே விழுந்தது. பன்னிரண்டு வருசம் கழித்தும் விலை பழைய நிலைக்கு வரவில்லை என்று அல் உமரி என்ற அரபு எழுத்தாளர் பதிந்திருக்கிறார்.

இதே நூற்றாண்டில் பயணம் செய்த இபின் பதூதாவை எங்களுக்குத் தெரியும். 1344இல் இலங்கைக்கு வந்து, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவரது உதவியோடு சிவனொளிபாதமலைக்கு ஏறியவர். யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாற்றைக் கதைக்கும்போது அவரது பயணக்குறிப்பைச் சான்றாகக் காட்டுகிறோம். அதே குறிப்புகளில் ஆபிரிக்காவும் இருக்கிறது. 1331இல் அவர் இன்றைய தன்சானியாவின் கரையிலுள்ள கில்வாவுக்குப் போனார். அது அழகான, நன்றாகக் கட்டப்பட்ட நகரம் என்று எழுதினார். 1352இல் சகாராவைக் கடந்து மாலிக்குப் போனார். அங்கே வழிப்போக்கர் களவுக்குப் பயப்படத் தேவையில்லை என்று வியந்தார். பிடிக்காத விடயங்களையும் ஒளிக்காமல் எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு அவரைச் சாட்சியாக எடுக்கும் நாங்கள், மாலிக்கும் கில்வாவுக்கும் அவர் சொன்ன சாட்சியத்தைக் கேட்டதில்லை.

மாலியின் திம்புக்து நகரில் சமயம், சட்டம், வானியல், மருத்துவம் பற்றிய கையெழுத்துச் சுவடிகள் தலைமுறை தலைமுறையாக வீடுகளில் பாதுகாக்கப்பட்டன. 2012இல் ஆயுதக்குழுக்கள் நகரைப் பிடித்தபோது, நூலகர்களும் சாதாரண குடும்பங்களும் அவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் வள்ளத்திலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். பெரும்பகுதி தப்பியது. எஞ்சியவற்றில் சில ஆயிரம் சுவடிகள் 2013 ஜனவரியில் எரிக்கப்பட்டன. நூலகம் எரிவதென்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கல் வீடுகளைக் கட்டியது யார்?

ஒரு மக்களுக்கு வரலாறே இல்லை என்று எப்படி நிறுவினார்கள் என்பதற்கு, பெரிய சிம்பாப்வேயைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

இன்றைய சிம்பாப்வே நாட்டின் தெற்கில், மஸ்விங்கோ நகருக்கு அருகில் இந்தக் கல்நகரம் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டது. பெரிய சுற்றுமதிலின் நீளம் ஏறத்தாழ 250 மீற்றர். சில இடங்களில் உயரம் 11 மீற்றர். சாந்தே பூசாமல் கருங்கல்லின் மேல் கருங்கல்லாக அடுக்கியிருக்கிறார்கள். அங்கே சீனப் பீங்கானும் பாரசீக மட்பாண்டமும் இந்தியக் கண்ணாடி மணிகளும் கில்வாவின் நாணயமும் கிடைத்தன. உள்நாட்டுத் தங்கம் சொஃபாலா, கில்வா துறைமுகங்கள் வழியாக இந்து சமுத்திரத்துக்குப் போனது. அந்தப் பக்கத்துப் பொருட்கள் இந்தப் பக்கம் வந்தன. எங்கட கடலின் மறுகரைதான் அது.

1871இல் ஜேர்மானியரான கார்ல் மௌக் அங்கு போனார். ஒரு வாசலின் மரத்தில் சிறு துண்டை வெட்டி, அது தன் பென்சிலின் மரம்போல இருக்கிறதென்று கண்டார். பென்சில் செய்தது தேவதாரு மரத்தில். தேவதாரு என்றால் லெபனான். லெபனான் என்றால் பீனிசியர். எனவே இது சேபா நாட்டு அரசியின் மாளிகை! ஒரு பென்சிலில் தொடங்கிய தர்க்கம் இப்படி முடிந்தது. பக்கத்தில் வாழ்ந்த ஷோனா மக்களின் முன்னோர் கட்டியிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அதில் இடமே இருக்கவில்லை.

1890இல் செசில் ரோட்ஸின் கம்பனி அந்த நிலத்தைப் பிடித்தது. கம்பனிக்கு இந்தக் கதை வாய்ப்பாகப் போனது. முற்காலத்தில் வெளியிலிருந்து வந்த நாகரிகமான இனம் ஒன்று இதைக் கட்டியதென்றால், இப்போது வந்தவர்கள் அந்த இனத்தின் வாரிசுகள். ஷோனா மக்கள் இடையில் வந்து குடியேறியவர்கள் ஆகிவிடுவார்கள் அல்லவா? 1895இல் இடிபாடுகளைத் தோண்டித் தங்கம் எடுப்பதற்கென்றே ஒரு கம்பனி உரிமம் பெற்றது. பெரிய சிம்பாப்வேயின் பொறுப்பாளராக 1902இல் நியமிக்கப்பட்ட றிச்சர்ட் ஹோல், ஆபிரிக்கர் வாழ்ந்த தடயங்கள் இருந்த மண் அடுக்குகளைக் "காப்பிரிகளின் குப்பை" என்று கருதி அள்ளி வெளியே கொட்டினார். தான் தேடிய பழைய இனம் அதற்குக் கீழே இருக்கும் என்று நம்பினார். கட்டியவர்களின் வரலாற்றுச் சான்று அந்தக் குப்பையில்தான் இருந்தது.

காப்பிரி என்ற சொல் எங்களுக்கும் புதிதில்லை. அரபியில் அது "நம்பிக்கையற்றவர்" என்று பொருள்படும் சொல். தென் ஆபிரிக்காவில் அது கேட்கவே கூசும் வசையாகியது. இலங்கையிலோ, போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்களுக்கு அதுவே சமூகப் பெயர். புத்தளம் சிரம்பியடியில் அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களின் மஞ்ஞா இசையை நாங்கள் விழாக்களில் கைதட்டி ரசிக்கிறோம். எந்தக் கரையிலிருந்து, எந்த நிலைமையில் அவர்களின் முன்னோர் கப்பலேறினார்கள் என்று கேட்பது குறைவு.

1905இல் றண்டால் மக்ஐவர், 1929இல் ஜேர்ட்ரூட் கேற்றன் தொம்சன் என்று இரண்டு தொல்லியலாளர்கள் முறையாக அகழ்ந்து, இதைக் கட்டியது ஆபிரிக்கரே என்று சொன்னார்கள். விடயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1965இல் வெள்ளைச் சிறுபான்மை அரசு ரொடேசியாவைத் தனியாகச் சுதந்திர நாடென்று அறிவித்த பிறகு, பழைய கட்டுக்கதை திரும்ப வந்தது. கட்டியவர் யாரென்று திட்டவட்டமாகச் சொல்லாமல் விடும்படி எழுதுகிறவர்களுக்கு அழுத்தம் வந்தது. நினைவுச்சின்னங்களுக்குப் பொறுப்பாக இருந்த பீற்றர் கார்லேக் அதற்கு உடன்படாமல் 1970இல் நாட்டை விட்டுப் போனார். 1980இல் விடுதலை பெற்ற நாடு, கல் வீடுகள் என்று பொருள்படும் அந்த இடத்தின் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. இடிபாடுகளில் கிடைத்த கல்பறவை இன்று அதன் தேசியக்கொடியில் இருக்கிறது.

கோடு கீறியவர்கள்

"வரலாறு இல்லை" என்ற கதையின் பயன் எங்கே போய் முடிந்தது? 1884 நவம்பரில் பேர்லினில், ஆபிரிக்காவின் பெரிய வரைபடம் தொங்கிய மண்டபத்தில் 14 அரசுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். 1885 பெப்ரவரி வரை கதைத்தார்கள். ஆபிரிக்கர் ஒருவரும் அங்கு இல்லை. எல்லைகள் எல்லாம் அந்த மேசையிலேயே கீறப்பட்டன என்று சொல்வது சரியில்லை. யார், எப்படி உரிமை கோரலாம் என்ற விதிகள் அங்கே வந்தன. கோடுகள் அடுத்த வருசங்களில் ஒப்பந்தம் ஒப்பந்தமாக விழுந்தன. எந்த வெள்ளையரும் கால்வைக்காத இடங்களில் கோடு கீறி, எங்கே இருக்கிறதென்றே தெரியாத மலைகளையும் ஆறுகளையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டோம் என்று பிரித்தானியப் பிரதமர் சொல்ஸ்பரி பிரபு 1890இல் பகிடியாகச் சொன்னார்.

அந்தப் பகிடியின் விலையைச் சோமாலிய மக்கள் கொடுத்தார்கள். ஒரே மொழி பேசிய அவர்கள் பிரித்தானிய, இத்தாலிய, பிரெஞ்சுப் பகுதிகள், எதியோப்பியா, கென்யாவின் வடக்கு என ஐந்தாகப் பிரிந்தார்கள். சோமாலியாவின் கொடியிலுள்ள நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் அந்த ஐந்து துண்டுகள்தான். கொங்கோவையோ பெல்ஜிய மன்னர் லெயோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக எடுத்துக்கொண்டு, ஒருநாளும் அங்கு போகாமலே இறப்பருக்காகக் கிராமங்களை அழித்தார். 1914 வரும்போது தப்பி நின்றவை இரண்டு நாடுகள்: லைபீரியா, 1896இல் அட்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த எதியோப்பியா.

1960இல் மட்டும் 17 ஆபிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. இப்போது கேள்வி அவர்களுடையது. பிழையான கோடுகளை அழித்து மறுபடி கீறுவதா, அப்படியே வைத்திருப்பதா? 1964இல் கெய்ரோவில் கூடிய ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்பதென்று தீர்மானித்தது. சோமாலியாவும் மொரோக்கோவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கோட்டை அசைத்தால் எல்லாக் கோடும் அசையும், முடிவில்லாத யுத்தம் வரும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோடுகளுக்குள் விருப்பமில்லாமல் அடைபட்ட மக்களின் கேள்விக்கு அந்தத் தீர்மானத்தில் பதில் இல்லை. எரித்திரியா 30 வருசம் போராடி 1993இல் தனிநாடானது. தென் சூடான் 2011இல். அதற்குப் பிறகு தென் சூடானியர் தங்களுக்குள்ளேயே மோதியதையும் பார்த்தோம். இரண்டு பக்கத்துக்கும் இலகுவான பாடம் எதையும் அந்தக் கண்டம் எங்களுக்குத் தரவில்லை.

1963இல் ஒக்ஸ்ஃபோர்ட் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர் ரோப்பர், ஆபிரிக்காவில் இருப்பது ஐரோப்பியரின் வரலாறு மட்டும்தான், மற்றதெல்லாம் இருட்டு என்ற கருத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த வருசம் யுனெஸ்கோ ஆபிரிக்காவின் பொது வரலாற்றை எழுதும் வேலையைத் தொடங்கியது. புர்க்கினா ஃபாசோவின் ஜோசப் கி-செர்போ உட்பட ஆபிரிக்க அறிஞர்கள் முன்னின்று எழுதிய அந்த வரலாறு எட்டுத் தொகுதிகளாக வந்தது. எழுத்தாவணத்தோடு மண்ணில் கிடைத்ததையும், பரம்பரையாகப் பாடிவந்த கதைசொல்லிகளின் வாய்மொழியையும் சான்றாக எடுத்தார்கள். வாய்மொழியைச் சும்மா அப்படியே நம்பவில்லை. ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சோதித்தார்கள்.

எங்கட ஊர்களிலும் எழுதப்படாத வரலாறு ஏராளம் கிடக்கிறது. அதை எப்படிச் சேர்ப்பது, எப்படிச் சோதிப்பது என்று தேடுகிறவர்கள் கொழும்பையும் சென்னையையும் இலண்டனையும் மட்டும் பார்க்கத் தேவையில்லை. பமாக்கோவையும் ஹராரேயையும் பார்க்கலாம். அதற்கு முதல் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த முறை யாராவது "ஆபிரிக்காவில்..." என்று தொடங்கினால், எந்த நாட்டில், எந்த மக்கள், எந்தக் காலம் என்று கேட்போம்.