சமர்கந்தின் வானவியல் வகுப்பறை

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவியல் சாதனைகளைப் பேச முற்படும்போது நாம் பெரும்பாலும் கருவிகளையும் நூல்களையும் பட்டியலிட்டு நிறைவு கொள்கிறோம். மராகாவின் வானாய்வுக் கூடம், அஸ்தர்லாப், விண்மீன் அட்டவணைகள் என்று அப்பட்டியல் நீளும். இவற்றை ஆக்கியவர்கள் யாரிடம் படித்தார்கள், அவர்களுக்குப் பாடம் எவ்வாறு நடந்தது என்னும் கேள்விகளை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே 15ஆம் நூற்றாண்டின் சமர்கந்து.

தைமூரின் பேரரும் ஷாருக்கின் மகனுமான உலுக் பேக் 1394இல் பிறந்தவர். 1409இல், பதினைந்து வயதிலேயே, சமர்கந்தின் ஆளுநரானார். பாட்டனார் படைகளால் பெற்ற பெயரை இவர் பாடசாலைகளால் பெற்றார். 1417இல் அவர் சமர்கந்தின் ரெஜிஸ்தான் திடலில் தொடங்கிய மத்ரஸா 1420இல் நிறைவுற்றது. அதன் முகப்பை இன்றும் அணி செய்வன விண்மீன் வடிவக் கோலங்களே. அதற்கு வக்ஃபு சொத்துகளும் ஒதுக்கப்பட்டன. ஆசிரியர் ஊதியமும் மாணவர் உதவித்தொகையும் அந்த வருவாயிலிருந்து வழங்கப்பட்டன.

மார்க்கக் கல்வி நிலையத்தில் வானவியலுக்கு என்ன வேலை என்று இன்று சிலர் வினவக்கூடும். அக்காலத்து ஆலிம்களுக்கு இந்த வினா எழவில்லை. தொழுகை நேரம் கதிரவனின் உயரத்தைச் சார்ந்தது; கிப்லாவின் திசை கோள முக்கோணக் கணக்கைச் சார்ந்தது; மாதத்தின் தொடக்கம் பிறையைச் சார்ந்தது. பெரிய பள்ளிவாசல்கள் பலவற்றில் நேரம் கணிப்பதற்கென்றே ‘முவக்கித்’ என்னும் அலுவலர் இருந்தார். ஆகவே ஃபிக்ஹு படிக்கும் மாணவர் வானத்தையும் ஓரளவு படித்தாக வேண்டியிருந்தது. சமர்கந்தின் சிறப்பு, அந்த ‘ஓரளவை’ மிக உயரத்திற்குக் கொண்டு சென்றதில் இருக்கிறது.

அம்மத்ரஸாவின் திறப்பு நாளைப் பற்றி ஒரு மரபுச் செய்தி உண்டு. தலைமை ஆசிரியராக நியமனம் பெற்ற மௌலானா முஹம்மது கவாஃபி தொண்ணூறு அறிஞர்கள் முன்னிலையில் முதற்பாடம் நிகழ்த்தினாராம். அதை முழுவதும் விளங்கிக் கொண்டவர்கள் உலுக் பேக்கும் காழீ ஸாதா ரூமியும் மட்டுமே என்பர். ஆசிரியரின் புலமையைப் புகழ்வதற்காகச் சொல்லப்படும் கதை இது. ஆனால் கற்பித்தல் என்னும் கோணத்திலிருந்து பார்த்தால் இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கேட்டவர்களில் எண்பத்தெட்டுப் பேருக்கு விளங்காத பாடம் சிறந்த பாடமாகுமா?

உலுக் பேக் இதை உணர்ந்திருந்தார் என்பதற்கு நம்பத்தக்க சான்று உள்ளது. அது கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்-காஷி தம் தந்தைக்குப் பாரசீக மொழியில் எழுதிய கடிதம். காஷானில் பிறந்து, சமர்கந்துக்கு அழைக்கப்பட்ட கணித மேதை அவர். அங்கே கணிதம் பயிலத் தொடங்கியவர்கள் ஐந்நூறு பேர் என்று அவர் தெரிவிக்கிறார். ஆட்சியாளரே வகுப்புகளுக்கு வந்து அமர்வதையும் விவாதங்களில் கலந்துகொள்வதையும் வியப்புடன் விவரிக்கிறார். குதிரைமேல் சென்றுகொண்டே கதிரவனின் இருப்பிடத்தை மனக்கணக்காக உலுக் பேக் கணித்த நிகழ்ச்சியும் அதில் வருகிறது.

நம் கவனத்திற்குரிய செய்தி வேறொன்று. விளங்காத ஒன்றை மரியாதைக்காக விளங்கியதாகச் சொல்லக்கூடாது, அரசர் கூறினார் என்பதற்காக எதையும் ஏற்கக்கூடாது என்பது அந்த அவையின் நெறியாக இருந்தது. சில வேளைகளில் உலுக் பேக் வேண்டுமென்றே தவறான கருத்தை முன்வைப்பாராம். அதை ஆராயாமல் ஒப்புக்கொண்டவர் நாண நேரிடுமாம். வாளேந்திய ஆட்சியாளரின் முன்னால் ‘தாங்கள் கூறுவது பிழை’ என்று ஒரு மாணவர் சொல்லலாம் என்னும் நிலை அந்நூற்றாண்டில் எளிதில் காணக்கூடியதன்று.

ஆசிரியரின் தன்மதிப்பும் அங்கே காக்கப்பட்டது. காழீ ஸாதா ரூமி துருக்கியின் புர்ஸா நகரத்தவர். கல்வி தேடிக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டபோது, வழிச்செலவுக்கு உதவட்டும் என்று அவருடைய சகோதரி தம் நகைகளைத் தம்பியின் நூல்களுக்கிடையே மறைத்து வைத்தனுப்பினார் என்று 16ஆம் நூற்றாண்டு உஸ்மானிய அறிஞர் தாஷ்கோப்ருஸாதா எழுதுகிறார். அவர் தரும் மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. ஒருமுறை உலுக் பேக் மத்ரஸா ஆசிரியர் ஒருவரைப் பதவி நீக்கினார். காழீ ஸாதா உடனே பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். அவர் நோயுற்றாரோ என்று உலுக் பேக் நேரில் சென்று விசாரித்தார். ‘ஆசிரியப் பணி யாராலும் நீக்க முடியாத பணி என்று எண்ணியிருந்தோம், அவ்வாறில்லை என்று இப்போது தெரிகிறது’ என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். நீக்கப்பட்டவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார்.

சமர்கந்தில் வானவியல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. நகருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் 1420களில் வானாய்வுக் கூடம் எழுந்தது. அதன் முதன்மைக் கருவி ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள கல்லால் ஆன வில். வடக்குத் தெற்காக அமைந்த அதன் கீழ்ப்பகுதி பாறைக்குள் வெட்டி இறக்கப்பட்டிருந்தது. நண்பகலில் மேலேயுள்ள துளை வழியே நுழையும் கதிரொளி அந்த வில்லின்மேல் விழும். விழும் இடத்தைக் கொண்டு கதிரவனின் உயரம் அளக்கப்படும். இவ்வளவு பெரிய கருவியில் ஒரு பாகை என்பது சுமார் 70 சென்டிமீட்டர் நீளம் பெறும். அதனால் மிகச் சிறிய வேறுபாடும் கண்ணுக்குப் புலப்பட்டது. மத்ரஸாவில் நூலை விளக்கியவர்களே இக்குன்றின்மேல் அளவெடுப்பவர்களாகவும் இருந்தார்கள். ஏடும் வானமும் அங்கே ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன.

இவ்வுழைப்பின் விளைவே உலுக் பேக்கின் ‘ஸீஜ்’ என்னும் அட்டவணை நூல். ஹிஜ்ரி 841ஐ (1437) அடிப்படையாகக் கொண்ட அதன் பட்டியலில் 1018 விண்மீன்கள் இடம்பெற்றன. விண்மீன்களை அளவாகக் கொண்ட ஆண்டின் நீளத்தை அவர்கள் 365 நாள், 6 மணி, 10 நிமிடம், 8 வினாடி என்று கணித்தார்கள். இன்றைய கணிப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஒரு நிமிடத்திற்கும் குறைவு. பணி நிறைவுறுமுன் 1429இல் காஷி மறைந்தார்; பின்னர் காழீ ஸாதாவும் மறைந்தார். பணியை முடித்தவர் அவர்களின் மாணவர் அலீ குஷ்ஜி. முன்னுரையில் உலுக் பேக் தம் ஆசிரியர் காழீ ஸாதாவை நன்றியுடன் குறிப்பிட்டு, அலீ குஷ்ஜியை மகன் என்றே அழைக்கிறார்.

1449ஆம் ஆண்டு அக்டோபரில் உலுக் பேக், பெற்ற மகன் அப்துல் லத்தீஃபின் சூழ்ச்சியால் கொலையுண்டார். அதன்பின் வானாய்வுக் கூடம் பாழடைந்து, காலப்போக்கில் மண்மூடி, இருந்த இடமே தெரியாமற் போயிற்று. 1908இல் வியாத்கின் என்னும் ருஷ்ய ஆய்வாளர் ஒரு பழைய வக்ஃபு ஆவணத்தின் துணையால் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

ஆனால் வகுப்பறை மண்ணில் புதையவில்லை. அலீ குஷ்ஜி இறுதியில் இஸ்தான்பூலை அடைந்து, அயாசோஃபியா மத்ரஸாவில் பாடம் நடத்தி, 1474இல் அங்கேயே மறைந்தார். வானவியல், அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவத்தைச் சாராமல், கணிதத்தையும் நோக்கீட்டையும் கொண்டே நிற்க முடியும் என்று வாதிட்டவர் அவர். பூமி சுழலக்கூடும் என்னும் கருத்தையும் அவர் தள்ளிவிடவில்லை. ஜக்மீனியின் சுருக்கமான வானவியல் பாடநூலுக்கு 1412இல் காழீ ஸாதா எழுதிய விரிவுரையோ இன்னும் நெடுந்தொலைவு பயணம் செய்தது. உஸ்மானிய நாடுகளிலும் ஈரானிலும் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் படித்தார்கள். இந்தியாவில் 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபரங்கி மஹல் அறிஞர் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்திலும் அது ‘ஷரஹ் சக்மீனி’ என்னும் பெயரால் இடம்பெற்றது. அதனுடன் குஷ்ஜியின் சிறுநூலும் சேர்ந்திருந்தது. சமர்கந்து ஆசிரியர் இருவரின் குரல், அவர்கள் காணாத இந்திய மண்ணில் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்டது.

இதில் நாம் பெருமை கொள்வது இயல்பே. ஆயினும் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். அப்பாடத்திட்டத்தில் ‘ஷரஹ் சக்மீனி’யின் முதல் அத்தியாயம் மட்டுமே வைக்கப்பட்டது. குன்றும் இல்லை, கருவியும் இல்லை. நூலின் சொற்றொடரை விளக்குவதே வானவியல் என்றாயிற்று. பூமியை நடுவில் நிறுத்திய பழைய அமைப்பு, ஐரோப்பாவில் கைவிடப்பட்ட பின்னரும் இங்கே பாடமாகத் தொடர்ந்தது. அளந்து பார்க்கும் மாணவர் பிழையைக் கண்டு திருத்துவார். மனனம் செய்யும் மாணவர் பிழையையும் பக்தியோடு காப்பாற்றுவார். சமர்கந்தின் நூல் நம்மிடம் வந்து சேர்ந்தது. சமர்கந்தின் நெறி வந்து சேரவில்லை.

இந்த இழப்பு நம் அன்றாட வாழ்வைத் தொடாத ஒன்றன்று. ரமழான் பிறையும் பெருநாள் பிறையும் வரும்போதெல்லாம் தமிழகத்தில் நம்மிடையே எழும் கருத்து வேறுபாட்டை நாம் அறிவோம். கண்ணால் காண்பதா, கணக்கிடுவதா என்னும் மார்க்கத் தீர்ப்பை இக்கட்டுரையில் நாம் சொல்ல வரவில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. ஆனால் எந்தத் தரப்பில் நின்றாலும், வாதிடுவோர் நிலவின் நடையை ஒரு மாதமேனும் தொடர்ந்து நோக்கியவராக இருத்தல் நலம் அல்லவா?

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மத்ரஸா முற்றத்தில் ஒரு கோலை நட்டு, நண்பகல் நிழலை நாள்தோறும் அளந்து குறிக்கலாம். மஃக்ரிப் தொழுகைக்குப் பின் நிலவு எத்திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மாணவர்கள் ஏட்டில் எழுதலாம். ஓராண்டு முடிவில் அந்த ஏடே அவர்களுக்குப் பாடநூலாகும். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லும் துணிவை ஆசிரியர் அவர்களுக்கு அளிப்பாரானால், சமர்கந்தின் வகுப்பறை நம் ஊரில் மீண்டும் திறந்ததாகவே கொள்ளலாம்.